பின்மூடிக்குள் ஒரு கீறல்

எங்கள் வீட்டில் ஒரே மாதிரி இரண்டு கைக்கடிகாரங்கள் இருந்தன. ஒன்று அப்பாவுடையது, இன்னொன்று சித்தப்பாவுடையது. அண்ணனும் தம்பியும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிக்கொண்டவை. வெள்ளை முகம், மெலிந்த முட்கள், தினமும் காலையில் சாவி கொடுத்தால்தான் ஓடும் பழைய ரகம். எது யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு சிரமமும் கிடையாது. அப்பாவுடையதில் ஓரத்தில் ஒரு நெளிசல் உண்டு. அதைச் செய்த புண்ணியவதி நான்தான். ஆறு வயதில் அதைக் கையில் மாட்டிக்கொண்டு மட்டாஞ்சேரி வீட்டின் மாடிப்படியில் இறங்கினேன். வாட்ச் எனக்கு முன்னால் இறங்கிவிட்டது.

அப்பா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த நெளிந்த வாட்ச் அம்மாவின் கையில்தான். காலையில் காப்பி குடித்ததும் சாவி கொடுப்பாள். கட்டைவிரலால் நெளிசலை ஒரு தடவை தடவுவாள். அதற்கப்புறம்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

சித்தப்பாவின் வாட்ச் பீரோவின் இழுப்பறையில் கிடந்தது. அவர் நாற்பத்திரண்டு வயதில் நெஞ்சுவலியில் போனார். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்ததை அப்பா வாங்கி வந்து இழுப்பறையில் வைத்தார். பிறகு அந்த இழுப்பறையை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. சித்தி சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பாலக்காட்டுக்குத் தன் பிறந்தகத்துக்குப் போய்விட்டாள். அவளும் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. வேண்டுமென்று யாரும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. முதல் வருஷம் கொடுக்க மனசு வரவில்லை, அப்புறம் ஏன் இத்தனை நாள் கொடுக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இப்படியே முப்பத்துநாலு வருஷம் ஓடிவிட்டது.

சித்தி போன வருஷம் தேவராவில் இருக்கும் தன் பெண்ணின் ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் பார்க்கப் போனோம். வலது காது அடியோடு போய்விட்டது என்றாள். இடது காதில் கருவி மாட்டியிருந்தாள். அதுவும் நிற்கப்போவதில்லை, கொஞ்ச காலம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் மார்க்கெட்டில் வெண்டைக்காய் கிடைக்கவில்லை என்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தவள், திடீரென்று அம்மா பக்கம் திரும்பினாள்.

"மன்னி, அவரோட வாட்ச் இருக்கோல்லியோ? எனக்கு அது வேணும். சும்மா வெச்சுக்க இல்லையாக்கும். ஓடணும். காது இருக்கறச்சே ஒரு தடவை கேக்கணும்."

ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவளே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சித்தப்பா தூங்கும்போதுகூட வாட்சைக் கழற்றமாட்டாராம். அவர் கையில்தான் அவள் தலை இருக்கும். பன்னிரண்டு வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறாள். எழுபது வயதில் இதைச் சொல்லும்போது அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா தரையைப் பார்த்தாள். நான் காலியாகிவிட்ட சாயா டம்ளரை இன்னொரு தடவை குடித்தேன்.

திரும்பும்போது பாலம் தாண்டும்வரை அம்மா தன் வாட்சின் நெளிசலைத் தடவிக்கொண்டே வந்தாள். அப்புறம், நாளைக்கே ரிப்பேருக்குக் கொண்டு போ என்றாள். அவ்வளவுதான்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் மிளகும் ஏலக்காயும் சுக்கும் பரிசோதிக்கிற ஒரு லாபில் வேலை பார்க்கிறேன். மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டு ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறொன்று என்றால் சிவப்பு முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவதுதான் என் தொழில். முப்பது வருஷமாக இதையே செய்து செய்து, வீட்டிலும் எல்லாவற்றுக்கும் முத்திரை குத்துகிற சுபாவம் வந்துவிட்டது. கோபம் வேறு மூக்கு நுனியில் நிற்கும். சித்தி கேட்ட அன்றிலிருந்து பழைய வாட்சுகளைப் பற்றி ஃபோனில் படிக்க ஆரம்பித்தேன். உலகம் பூராவும் ஆட்கள் தாத்தா வாட்சையும் அப்பா வாட்சையும் திறந்து படம் பிடித்துப் போட்டுக்கொண்டு, இது அசலா, முள் மாற்றியதா, டயலுக்குப் புதுச் சாயம் பூசியதா என்று ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் ஜாதி ஜனத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். ஒரே ராத்திரியில் அரைகுறையாக எல்லாம் தெரிந்துவிட்டது. அரைகுறை என்பது அப்போது தெரியவில்லை.

வாட்ச் ரிப்பேர் கடை மட்டாஞ்சேரியில், பழைய கிடங்குகளெல்லாம் காப்பிக் கடைகளாக மாறிவிட்ட ஒரு சந்தில் இருக்கிறது. கடைக்காரர் என் வயதுக்காரர், வீட்டில் கொங்கணி, கடையில் மலையாளம். ஈ ஓட்டுகிறார் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். காதில் வளையம் போட்ட பையன்களும் பெண்களும் வரிசையில் நிற்கிறார்கள், எல்லார் கையிலும் செத்துப்போன யாரோ ஒருவருடைய வாட்ச். அவர் ஒவ்வொன்றையும் திறந்து, இது இன்ன ரகம், இன்ன பாகம் மாறியிருக்கிறது என்று ஜாதகம் சொல்லுகிற மாதிரி சொல்லி அனுப்புகிறார்.

சித்தப்பாவின் வாட்சோடு அம்மாவுடையதையும் சேர்த்துக் கொண்டு போனேன். பதினொரு வருஷமாக எண்ணெய் காணாத மெஷின், துடைத்து வரட்டும் என்றேன். அம்மா கழற்றித் தருவதற்குள் மூன்று தடவை யோசித்தாள். இரண்டு நாளுக்கு மேல் ஆகப்படாது என்று கண்டிஷன் போட்டுத்தான் கொடுத்தாள்.

மறுநாளே கடைக்காரரிடமிருந்து ஃபோன் வந்தது. நேரில் வரச் சொன்னார். போனால், இரண்டு வாட்சுகளின் பின்மூடிகளும் மல்லாத்தி வைக்கப்பட்டிருந்தன. தன் லென்ஸை என்னிடம் கொடுத்து மூடியின் உட்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். ஊசி முனையால் கீறின மாதிரி குட்டிக் குட்டி எழுத்துகள். ரிப்பேர்காரர்களின் பழக்கம் அது. வாட்சைத் திறக்கிற ஒவ்வொருவரும் தேதி, மாதம், வருஷம், என்ன வேலை செய்தோம் என்பதற்கு ஒரு அடையாளம், இவ்வளவையும் மூடிக்குள் கீறிவிட்டுத்தான் மூடுவார்கள். போட்டிருப்பவருக்கு ஆயுசுக்கும் தெரியாது. அடுத்துத் திறக்கப்போகும் ரிப்பேர்காரருக்காக எழுதுவது.

சித்தப்பாவின் மூடியில் ஒரு கீறல், பேலன்ஸ் சக்கரம் உடைந்து வேறு போட்டதாகச் சொல்லியது. வாட்சுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்குமே, அந்தச் சக்கரம். ஆனால் உள்ளே இருந்த மெஷினில் கம்பெனி போட்ட சக்கரமே அப்படியே இருந்தது. மாற்றிப் போட்ட சக்கரம் எங்கே என்றால், அப்பாவின் நெளிந்த வாட்சுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே விளக்கினார். இரண்டு மூடியிலும் ஒரே தேதி ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் அந்தச் சக்கரம் மாற்றிய நாள். அன்றைக்கு எவரோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கழற்றிப் போட்டு வேலை செய்துவிட்டு, மாட்டும்போது மெஷின்களை மாற்றி மாட்டிவிட்டார். ஒரே ரகம், ஒரே டயல். வெளியிலிருந்து பார்த்தால் பிரம்மாவுக்கே தெரியாது. தானும் ஒருதரம் இப்படிச் செய்திருப்பதாக ஒப்புக்கொண்டார். இரண்டையும் என் காதில் வைத்தும் காட்டினார். ஒன்று சீராக ஓடியது. சக்கரம் மாற்றியது மட்டும் லேசாக நொண்டியது. டிக், ஒரு சின்ன இழுப்பு, டக்.

அப்புறம் அவர் கேட்டதை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. இப்படியே விட்டுவிடட்டுமா, சரியாக மாற்றி மாட்டட்டுமா, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் சேச்சி என்றார்.

கேட்டேனா? நானாவது கேட்பதாவது! சீட்டு ஒன்று, சரக்கு வேறு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காது போகிற நேரத்தில் புருஷனின் வாட்சைக் கேட்க ஆசைப்படுகிறாள் ஒருத்தி, அவளுக்கு மைத்துனரின் மெஷினைக் கொடுத்து ஏமாற்றுவதா? அவரவர் மெஷினை அவரவர் கூட்டில் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை. வயசானவர்களைக் குழப்பவேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உள்ளபடி சொன்னால், ஒரு பெரிய நல்ல காரியத்தை யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டோம் என்கிற பெருமை. அதை யாரோடும் பங்கு போட்டுக்கொள்ள மனசில்லை.

வாட்சுகள் வந்தன. அம்மா தன்னுடையதைக் கட்டிக்கொண்டு சாவி கொடுத்தாள். பாதியில் நிறுத்திக் காதில் வைத்தாள்.

"இது என்னமோ வேற மாதிரி இருக்குடி. முன்னாடி ஒரு சின்ன இழுப்பு இருக்கும்."

அது வியாதி, இப்போது குணமாகிவிட்டது, எண்ணெய் போட்டால் அப்படித்தான் என்று நான் டாக்டர் மாதிரி சொன்னேன். அம்மா "ஓ" என்றாள். தராசில் விரலை வைக்கிற மீன்காரனிடம் பக்கத்து வீட்டு அம்மாள் சொல்வாளே, அந்த "ஓ". எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை என்றாலும் அந்த "ஓ"வை அம்மா எப்படியோ கற்றுவைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவராவுக்குப் போனோம். சித்தியின் பெண் வெளியே போயிருந்தாள். நான் புது வார் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த வாட்சைச் சித்தியின் கையில் கொடுத்தேன். அவள் காதுக் கருவியைக் கழற்றி மேஜையில் வைத்தாள், வாட்சை இடது காதோடு அழுத்திக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கும், நானும் கொஞ்சம் அழலாம் என்று தயாராக இருந்தேன்.

அவள் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. வாட்சைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள்.

"இது அவரோடது இல்லையே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் கருவியை மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்து ஆரம்பித்தேன். ஃபேன் சத்தத்தில் சரியாகக் கேட்டிருக்காது. புது எண்ணெய். முப்பத்துநாலு வருஷத்துக்கு அப்புறம் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? நூறு சதவீதம் அவருடையதுதான், மூடிக்குள்ளேயே அத்தாட்சி இருக்கிறது. குரல் கொஞ்சம் உயர்ந்துகூட விட்டது. சித்தி வாட்சைப் பதமாக மேஜைமேல் வைத்தாள்.

"இருக்கும்மா. நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அவரோடது இப்படி நொண்டாது, அதான் கேட்டேன்."

அப்புறம் நேந்திரங்காய் வறுவலும் சாயாவும் கொண்டுவந்தாள். அந்த வாட்சை அவள் திரும்பத் தொடவில்லை. நூறு ரூபாய் கேட்ட இடத்தில் கள்ள நோட்டைக் கொடுத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை.

அம்மா என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூட நாளில் ரிப்போர்ட் கார்டை ஒளித்துவைத்திருக்கிறேனா என்று பார்ப்பாளே, அதே பார்வை.

"நீ என்னடி பண்ணித் தொலைச்சே? எனக்கு இழுப்பு போயிடுத்து, இவளுக்கு இழுப்பு வந்துடுத்து."

எனக்கு அதற்குமேல் மறைக்கத் தெம்பில்லை. பின்மூடி, கீறல், சக்கரம், மாறிப்போன மெஷின்கள், யாரையும் கேட்காமல் மாற்றச் சொன்னது என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தத் தேதி எது? சொன்னேன். அம்மாவும் சித்தியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மாதான் சொன்னாள். சித்தப்பாவின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, பத்திரிகை கொடுக்க சைக்கிளில் போன மாப்பிள்ளை சுள்ளிக்கல் முக்கில் தெருவில் குப்புற விழுந்தார். முழங்கையில் கட்டு, வாட்ச் நின்றுபோயிற்று. முகூர்த்தத்துக்குள் வாட்ச் வேண்டும் என்று அப்பா கடைக்கு ஓடினார். தம்பி கல்யாணத்தில் தன்னுடையதும் நின்றுவிடக்கூடாது என்று அதையும் கழற்றிக் கொடுத்தார். ரிப்பேர்காரரை அவசரப்படுத்தி, நின்ற காலில் நின்று, இரண்டையும் அன்றைக்கே வாங்கிக்கொண்டு வந்தார். கல்யாணம் முடிந்து தம்பி இடக்கொச்சியில் வாடகைக்குப் போய்விட்டதால் அதற்கப்புறம் இரண்டு வாட்சும் ஒன்றாகக் கடைக்குப் போகவில்லை.

அந்தக் கல்யாணத்தில் எனக்கு எட்டு வயது. ஃபோட்டோவில் மாப்பிள்ளை முழங்கைக் கட்டோடு நிற்பதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். லாபில் எந்த மூட்டை வந்தாலும் முதலில் தேதியைப் பார்க்கிறவள் நான். இங்கே தேதி மூடிக்குள் கீறி வைத்திருந்தது, லென்ஸ் போட்டுப் பார்த்தேன், படித்தேன், ஃபோனில் படம்கூட எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தத் தேதிக்கு அப்புறம்தான் சித்தி அந்த வீட்டுக்கே வந்தாள் என்று எனக்குத் தோன்றவில்லை. மெஷின் யாருடையது என்று பார்த்தேனே தவிர, அவள் கேட்டது எந்தச் சத்தம் என்று பார்க்கவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டன.

சித்தி மெதுவாகக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். அப்படியானால் முதல் நாளிலிருந்து தான் கேட்டது என் அப்பாவின் மெஷினையா என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா தலையாட்டினாள். வாட்ச்தான் தப்பாகப் போயிற்று, இப்போது அந்த ஞாபகத்தையும் கெடுத்துவிட்டேனே என்று பயந்துபோனேன்.

சித்தி வறுவல் தட்டை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"யாரோடதா இருந்தா என்ன மன்னி. அவர்தானே சாவி குடுத்தார். அவர் கையிலதானே ஓடித்து. நான் கேட்டது அதாக்கும். அதையே குடுக்கச் சொல்லுங்கோ."

திங்கட்கிழமை லாபுக்கு லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். முன்னால் இருந்த மாதிரியே மாற்றி மாட்டவேண்டும் என்றேன். கடைக்காரர் லென்ஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இந்தத் தடவை வீட்டில் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டார். கேட்டேன் என்றேன். மாட்டி முடித்ததும் இரண்டு மூடிக்குள்ளும் அன்றைய தேதியைக் கீறி, பக்கத்தில் ஒரு குட்டிப் பெருக்கல் குறி போட்டார். மெஷின் மாறியிருப்பது தெரிந்தேதான் அப்படியே விட்டிருக்கிறது, திருத்தவேண்டாம் என்று அர்த்தமாம். நாளைக்கு உங்களை மாதிரி யாராவது வந்தால் என்ன செய்வது என்றார். சிரிக்காமல் சொன்னார். நானும் கோபப்படாமல் கேட்டுக்கொண்டேன், அதுவே பெரிய விஷயம்.

வீட்டில் அம்மா வாட்சைக் காதில் வைத்து, "வந்துடுத்து" என்றாள். அன்றைக்கு முழுக்க அவளுக்கு ஒரே உற்சாகம். பதினொரு வருஷமாகப் புருஷனுக்கு என்று நினைத்து மச்சினனுக்குச் சாவி கொடுத்திருக்கிறேனே என்று அவளே சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"உங்கப்பா அந்த இழுப்பறையைத் திறக்கவே மாட்டார். தம்பி வாட்சைப் பாக்கத் தாங்காதுன்னு. கடைசி வரைக்கும் அவனைத்தான் கையில கட்டிண்டு அலைஞ்சிருக்கார் பாரு, மனுஷனுக்குத் தெரியாமலே."

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நன்றாக அழுதேன். அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி தேவரா. ஏப்ரல் மாத மத்தியானம், ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். சித்தி போன தடவை ஏமாந்தவள் என்பதால் இந்தத் தடவை ஆசையை வெளியில் காட்டவில்லை. கருவியைக் கழற்றி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாள். வாட்சைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டாள், வார் கடைசி ஓட்டைக்குப் போயும் தொளதொளவென்று இருந்தது. அந்தக் கையைச் சோபாவின் கையில் நீட்டி அதன்மேல் இடது காதை வைத்துப் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தேடிக்கொண்டே இருந்தாள். ஒரு வாரத்தில் காது இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது போல. நான் மாற்றி மாட்டி விளையாடியதில் ஒரு வாரம் போயிற்றே, அந்த ஒரு வாரத்தை எங்கே போய் வாங்குவேன்?

அம்மா எழுந்தாள். சமையலறையில் குக்கர் வைத்திருந்த அடுப்பை அணைத்தாள். வந்து ஜன்னலைச் சாத்தினாள். கடைசியாக சுவிட்சுக்குப் போய் ஃபேனை நிறுத்தினாள். ஃபேன் ஒன்றிரண்டு சுற்று சுற்றி நின்றது.

சித்தியின் புருவம் தளர்ந்தது. கண்ணைத் திறக்கவில்லை. அவளுக்குத் தன் குரல் கேட்காததால் கொஞ்சம் சத்தமாகவே, "இதாக்கும்" என்றாள்.

நானும் அம்மாவும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். வியர்வை முதுகில் ஓடியது, விசிறிக்கொள்ளக்கூடக் கையைத் தூக்கவில்லை. சித்தி தூங்கிவிட்டாள்.